ஊசி குத்துவது கடைசி வேலை

போன மாதம் பள்ளத்தூரில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். வீடு என்றால் ஒரு தெருவில் ஆரம்பித்து அடுத்த தெருவில் முடிகிற வீடு. இருப்பது எண்பது தாண்டிய ஆச்சியும், கூட இருந்து பார்த்துக்கொள்கிற ஒரு பெண்ணும் மட்டும்தான். மகன் சிங்கப்பூரில். ஆச்சிக்கு டாக்டர் வாரம் ஒரு பி12 வைட்டமின் ஊசி எழுதியிருந்தார். அந்தப் பெண் நர்சிங் உதவியாளர் பயிற்சி முடித்தவள், கை நடுங்கவில்லை, முகத்தில் பயமும் இல்லை. மருந்தை சிரிஞ்சில் ஏற்றிக்கொண்டு வந்து நின்று, “அக்கா, எந்தப் பக்கம் குத்தட்டும்?” என்று கேட்டாள். அவளுக்கு இல்லாத பயம் எனக்கு அங்கேதான் வந்தது. மருந்தை ஏற்றிய பிறகு கேட்கிற கேள்வியா அது?

வார்டில் கொஞ்ச காலம், அப்புறம் இருபது வருஷத்துக்கு மேலாக ஸ்கூட்டியில் கோட்டையூர், கண்டனூர், புதுவயல், கானாடுகாத்தான் என்று வீடு வீடாகப் போய் ஊசி போடுவதுதான் என் பிழைப்பு. குத்துவது ஒரு நொடி வேலை. தப்பு நடப்பதெல்லாம் அதற்கு முன்னால் இருக்கிற பத்து நிமிஷத்தில்தான், அந்தப் பத்து நிமிஷத்தைத்தான் எல்லாரும் அவசர அவசரமாகத் தாண்டிப்போகிறார்கள். அதனால் தசைக்குள் போடுகிற ஊசியைப் பற்றிய இந்தப் பதிவிலும் குத்துவது கடைசியில்தான் வரும், பொறுமையாகப் படியுங்கள்.

இது பயிற்சி எடுத்தவர்களுக்கும், டாக்டரோ நர்ஸோ பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்து, வீட்டில் போடலாம் என்று அனுமதித்தவர்களுக்கும் எழுதுவது. இதை மட்டும் படித்துவிட்டு நேராக அப்பத்தா கையில் குத்திப் பார்க்காதீர்கள்.

முதலில், இந்த ஊசி வேண்டுமா?

நம் ஊரில் ஊசி மேல் ஒரு தனி நம்பிக்கை உண்டு. மாத்திரை எழுதிக்கொடுத்த டாக்டரைவிட ஊசி போட்ட டாக்டர் பெரிய டாக்டர். “ஒரு ஊசியைப் போட்டுவிடுத்தா, காய்ச்சல் இறங்கிடும்” என்று என்னிடமே எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். சீட்டு இல்லாமல் போட மாட்டேன் என்று சொன்னால் கோபம் வேறு. கோபப்படட்டும்.

ஐப்பசி கார்த்திகை மழைக்கு அப்புறம் வருகிற காய்ச்சலில் இதை இன்னும் கறாராகச் சொல்வேன். டெங்குவாக இருந்தால் ரத்தத்தில் தட்டணுக்கள் குறைந்திருக்கும், ரத்தம் உறைய நேரமாகும், அந்த நேரத்தில் தசைக்குள் ஊசி போட்டால் உள்ளே ரத்தம் கசிந்து கட்டிக்கொள்ளும். போதாததற்கு, காய்ச்சலோடு உடம்புவலி என்றதும் ஊரில் போடச்சொல்லிக் கேட்பது டைக்குளோஃபினாக் ஊசியைத்தான், அதுவும் டெங்குவில் கூடாத மருந்து. ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை பாராசிட்டமால் மாத்திரையும் கஞ்சியும் போதும், மீதியை டாக்டர் பார்த்துக்கொள்வார்.

அடுத்தது, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள். வார்ஃபரின், அசிட்ரோம் மாதிரி மாத்திரைகள் மருந்துப் பெட்டியில் இருக்கின்றனவா என்று நானே திறந்து பார்ப்பேன், ஏனென்றால் கேட்டால் “பிரஷர் மாத்திரைதான்” என்று சொல்லிவிடுவார்கள். அந்த மாத்திரை இருந்தால் தசை ஊசி கிடையாது, எழுதிய டாக்டருக்குப் போன் போட்டு அவர் மறுபடி யோசித்துச் சொல்லட்டும். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் சாப்பிடுகிறவர்களுக்கு டாக்டருக்குத் தெரியப்படுத்திவிட்டு, போட்ட பிறகு கூடுதல் நேரம் அழுத்திப் பிடிக்க வேண்டும்.

ஒரு மருந்தின் முதல் ஊசியை வீட்டில் போடாதீர்கள், அது எந்த மருந்தாக இருந்தாலும் சரி. ஒவ்வாமை வந்தால் உடனே கொடுக்க அட்ரினலினும் கொடுக்கத் தெரிந்த ஆளும் இருக்கிற இடத்தில்தான் முதல் ஊசி. பெனிசிலின் வகை மருந்துகளை எத்தனையாவது ஊசியாக இருந்தாலும் நான் வீட்டில் தொடுவதே இல்லை. குழந்தைகளுக்கும் வீட்டில் போட மாட்டேன், அவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது.

பி12-க்கு வருவோம். செட்டிநாடு என்றாலே கோழி வறுவல் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள், ஆனால் நான் போகிற வீடுகளில் வயதான ஆச்சிமார் பலர் சைவம். கூடவே சர்க்கரை, அதற்கு வருஷக்கணக்காக மெட்ஃபார்மின். சைவச் சாப்பாட்டிலும் பி12 குறைவு, மெட்ஃபார்மினும் நாளாக ஆக பி12-ஐக் குறைக்கும். அதனால்தான் இந்தச் சிவப்பு மருந்து இங்கே இவ்வளவு வீடுகளுக்குள் போகிறது. நிறையப் பேருக்கு மாத்திரையே போதும் என்று ஒரு கட்டத்தில் டாக்டரே மாற்றிவிடுவார், ஆனால் அதைக் கேட்க வேண்டும். “இன்னும் எத்தனை ஊசி டாக்டர்?” என்று ஒவ்வொரு தடவையும் கேளுங்கள். நாலு வாரத்துக்கு எழுதிய சீட்டை வைத்துக்கொண்டு நாலு வருஷம் போட்டவர்களை எனக்குத் தெரியும்.

வெளிச்சம், கை, பஞ்சு

நம்ம ஊர் பழைய வீடுகளில் அறைகள் எல்லாம் குளிர்ச்சியாக இருக்கும், இருட்டாகவும் இருக்கும். ஆச்சி படுத்திருக்கிற அறையில் ஒரே ஒரு பல்ப் வெளிச்சத்தில் குப்பியின் எழுத்தைப் படிக்க முயற்சி செய்யாதீர்கள். வளவுக்கு, அதாவது வீட்டு நடுவில் இருக்கிற திறந்த முற்றத்துக்கு வாருங்கள். பகலில் அங்கே விழுகிற வெளிச்சத்துக்கு ஈடு கிடையாது. நான் மருந்தைப் படிப்பது, ஏற்றுவது எல்லாம் வளவுத் தூணுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியைத் துடைத்துப் போட்டுத்தான். ஆளுக்கு நடக்க முடிந்தால் அவரையும் வளவை ஒட்டிய பட்டாலைக்கே கூட்டிவரச் சொல்லிவிடுவேன், நாலு பேர் பார்க்கிற மாதிரி இருந்தால் மறைப்புக்கு ஒரு சேலையைக் கட்டிக்கொள்ளலாம்.

கையை சோப்புப் போட்டுக் கழுவி, காற்றில் உலரவிடுங்கள் அல்லது துவைத்த சுத்தமான துணியில் துடையுங்கள். முந்தானையில் துடைத்தால் கழுவினதே வீண். கையில் வெட்டுக்காயம் இருந்தால் பிளாஸ்திரி போட்டு மூடிக்கொள்ளுங்கள். தோல் நன்றாக இருக்கிறவருக்குத் தசை ஊசி போட கையுறை கட்டாயம் இல்லை, ரத்தம் கையில் படும் என்று தோன்றினால் போட்டுக்கொள்ளலாம். கழுவாத கையில் கையுறை மாட்டிக்கொண்டு ஜம்பமாக நிற்பதைவிட கழுவின வெறுங்கை எவ்வளவோ மேல்.

அப்புறம் இந்த எவர்சில்வர் டப்பா. ஸ்பிரிட்டில் ஊறின பஞ்சு உருண்டைகளை அடைத்துவைத்து, அதிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் துடைப்பது. நானும் பல வருஷம் அப்படித்தான் செய்தேன், டப்பா இல்லாமல் கிளம்பினால் நர்ஸ் என்றே மதிக்க மாட்டார்கள். ஆனால் முன்கூட்டியே ஊறவைத்த பஞ்சைப் பயன்படுத்தக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் தெளிவாகவே சொல்கிறது. விரலை விட்டு விட்டு எடுக்கும்போது கிருமி உள்ளே போகிறது, மூடியைத் திறந்து திறந்து ஸ்பிரிட்டும் பறந்துவிடுகிறது. கடைசியில் டப்பாவில் இருப்பது ஈரப் பஞ்சு, அவ்வளவுதான். இப்போது தனித்தனியாக உறையில் வருகிற துடைப்புத் தாள் மலிவாகக் கிடைக்கிறது, அதை வாங்குங்கள். கிடைக்காவிட்டால் உலர்ந்த சுத்தமான பஞ்சில் அப்போதைக்கு அப்போது ஸ்பிரிட்டை ஊற்றிக்கொள்ளுங்கள். ஸ்பிரிட் என்றால் 60–70 சதவீத ஆல்கஹால், மருந்துக்கடையில் கேட்டு வாங்குவது. பெயிண்ட் கடையில் கிடைப்பதும் ஸ்பிரிட்தானே என்று ஒருவர் கொண்டுவந்து நீட்டினார், அது வேறு சமாச்சாரம், அதை உடம்பில் தடவாதீர்கள்.

சிரிஞ்சும் நீடிலும்

ஒரு ஊசிக்கு ஒரு புது சிரிஞ்ச், ஒரு புது நீடில். உறை கிழிந்திருந்தால், நனைந்திருந்தால், தேதி முடிந்திருந்தால் தூக்கிப் போடுங்கள். “ஒரே ஆளுக்குத்தானே, நீடிலை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்” என்று சிக்கனம் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். குத்தி எடுக்கும்போது கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தம் சிரிஞ்சுக்குள்ளும் ஏறும். மஞ்சள் காமாலைக் கிருமிகளான பி-யும் சி-யும், எச்.ஐ.வி.யும் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகிற வழியே அதுதான். வெந்நீரில் போட்டு எடுப்பதெல்லாம் கண்ணாடி சிரிஞ்ச் காலத்துக் கதை, அந்தக் காலத்திலேயே அது முழுப் பாதுகாப்பு இல்லை.

நீடிலுக்கு கேஜ் என்று ஒரு எண் உண்டு, எண் கூடக்கூட நீடில் மெலிசு. நிறத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்: 21 பச்சை, 22 கறுப்பு, 23 நீலம், 24 ஊதா, 25 ஆரஞ்சு. தசை ஊசிக்குப் பெரும்பாலும் 22-லிருந்து 25 வரை. எண்ணெய் மாதிரி கெட்டியான மருந்துக்கு 21 வேண்டியிருக்கும். ஆனால் எண்ணைவிட நீளம்தான் முக்கியம். மேல்கைக்கு ஒரு இன்ச் பொதுவாகப் போதும், இடுப்புப் பக்கம் என்றால் சதைப்பிடிப்பைப் பொறுத்து ஒன்றரை இன்ச் வரை தேவைப்படும். நீளம் போதாவிட்டால் மருந்து தசைக்குப் போகாமல் கொழுப்பிலேயே நின்றுவிடும். சரியாக உடம்பில் சேராது, கட்டி கட்டியாக நிற்கும், வலியும் இருக்கும். எலும்பும் தோலுமாக இருக்கிற ஆளுக்கு அதே ஒன்றரை இன்ச்சை முழுசாக இறக்கினால் எலும்பில் போய் முட்டும். ஆளைப் பார்த்து நீடில் வாங்குங்கள், கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதை அப்படியே வாங்கி வராதீர்கள்.

இன்சுலின் சிரிஞ்ச் வேறு. அது தோலுக்கு அடியில் போடுவதற்கானது, குட்டி நீடில், அதில் இருக்கிற கோடுகள் மில்லி இல்லை, யூனிட். வீட்டில் இரண்டு பேருக்கு இரண்டு ஊசி நடக்கிறதென்றால் இரண்டையும் ஒரே டப்பாவில் வைக்காதீர்கள்.

மருந்தை எடுப்பது

சீட்டையும் குப்பியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பெயர், அளவு, எந்த வழியாகப் போடுவது, தேதி எல்லாவற்றையும் வாய்விட்டுப் படியுங்கள். வெட்கப்படாமல் சத்தமாக. நான் இன்றைக்கும் படிக்கிறேன். தேவகோட்டையில் ஒரு ஐயா, “என்னத்தா, மந்திரம் சொல்றியா?” என்று கேட்பார். அப்படியே வைத்துக்கொள்ளுங்கள் ஐயா என்பேன். ஒரே மாதிரி குப்பியில் ஒரே மாதிரி லேபிள் ஒட்டி நாலு மருந்து வருகிற காலம் இது. ஆளின் பெயரையும் அவர் வாயால் சொல்லச் சொல்லுங்கள், ஒரு வீட்டில் இரண்டு மீனாட்சி ஆச்சி இருப்பது இங்கே ஒன்றும் அதிசயம் இல்லை.

மருந்தை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். துகள் மிதந்தாலோ, நிறம் மாறியிருந்தாலோ வேண்டாம். பி12 சிவப்பாகத்தான் இருக்கும், வெளிச்சம் பட்டால் கெடும், அதனால்தான் பழுப்புக் கண்ணாடியில் வருகிறது. போடுகிற நேரம்வரை அட்டைப் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும், வெயில் விழுகிற ஜன்னல் ஓரத்தில் வைக்காதீர்கள்.

கண்ணாடி ஆம்பியூல் என்றால் கழுத்துக்கு மேலே நிற்கிற மருந்து கீழே இறங்க விரலால் சுண்டிவிடுங்கள். கழுத்தில் ஒரு புள்ளி இருந்தால் அதை உங்களைப் பார்த்து வைத்து, பெருவிரலைப் புள்ளிமேல் கொடுத்து, கழுத்தைச் சுற்றி பஞ்சோ துணியோ பிடித்துக்கொண்டு, உங்களுக்கு எதிர்ப்பக்கமாக உடையுங்கள். வெறுங்கையில் உடைத்து விரலைக் கிழித்துக்கொள்ளாத நர்ஸ் உலகத்தில் இல்லை. உடைத்ததும் கண்ணாடித் துணுக்கு உள்ளே விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். உறிஞ்சும்போது நீடில் ஆம்பியூலின் வெளிவிளிம்பில் படக் கூடாது.

ரப்பர் மூடி போட்ட குப்பி என்றால், மேலே இருக்கிற மூடியை எடுத்துவிட்டு ரப்பரை ஸ்பிரிட்டால் துடைத்து உலரவிட்டு, எடுக்கப்போகிற மருந்தின் அளவுக்குக் காற்றை உள்ளே தள்ளிவிட்டுப் பிறகு மருந்தை இழுங்கள், சுலபமாக வரும். அடுத்த தடவைக்கு ஆகட்டும் என்று ஒரு நீடிலை ரப்பரிலேயே செருகிவைப்பது ரொம்பக் கெட்ட பழக்கம், குப்பிக்குள் கிருமிக்கு வாசல் திறந்துவைப்பதுதான்.

எடுத்த பிறகு சிரிஞ்சை மேல்நோக்கிப் பிடித்து, சுண்டி, காற்றை வெளியேற்றி, அளவைக் கண்ணுக்கு நேராக வைத்துப் பாருங்கள். இப்போது நீடிலை மாற்றிவிட்டால் நல்லது. ரப்பரில் குத்திய முனை மழுங்கியிருக்கும், வெளியே மருந்து ஒட்டியிருக்கும், இரண்டுமே வலிக்கும். டாக்டர் சொல்லாமல் இரண்டு மருந்தை ஒரே சிரிஞ்சில் கலக்காதீர்கள்.

இடம்

இங்கேதான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நம் ஊரில் “இடுப்பு ஊசி” என்றால் எல்லாரும் நினைப்பது புட்டத்தை. குப்புறப் படுக்கச் சொல்லி, சேலையைக் கொஞ்சம் தளர்த்தி, புட்டத்தை மனசால் நாலாகப் பிரித்து, மேலே வெளிப்பக்கக் கால்பாகத்தில் போடுவது. நானும் அப்படித்தான் கற்றுக்கொண்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள், மெலிந்த உடம்புக்காரர் ஒருவர், கூட்டம் அலைமோதுகிற நேரம், துணியைச் சரியாக இறக்காமல் கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் குத்திவிட்டேன். குத்தியதும் அவர் “அம்மா” என்று கத்தினார். இடுப்பிலிருந்து குதிகால் வரை மின்சாரம் அடித்த மாதிரி இருந்தது என்றார். மருந்தைச் செலுத்தாமல் உடனே உருவிவிட்டேன், அதனால் தப்பித்தோம். இருந்தும் அந்தக் கால் ஒரு மாதம்வரை மரத்துப்போய்க் கிடந்தது. அந்த வழியாகத்தான் உடம்பிலேயே பெரிய நரம்பு காலுக்கு இறங்குகிறது. அதில் மருந்து பட்டால் பாதம் தூக்க முடியாமல் தொங்கிப்போனவர்கள் உண்டு. மேலே ஒரு பெரிய ரத்தக்குழாயும் போகிறது. போதாததற்கு அந்த இடத்தில் கொழுப்பு கனமாக இருக்கும், பெண்களுக்கு இன்னும் அதிகம், அதனால் நாம் தசையில் போட்டதாக நினைக்கிற மருந்து பாதி நேரம் தசைக்குப் போவதே இல்லை.

இப்போது நான் போடுவது நிஜமான இடுப்பில், அதாவது பக்கவாட்டில். அங்கே பெரிய நரம்பும் இல்லை, பெரிய ரத்தக்குழாயும் இல்லை, கொழுப்பும் குறைவு, தசை கனம். இடத்தை இப்படிக் கண்டுபிடியுங்கள். ஆளை ஒருக்களித்துப் படுக்கவைத்து, மேலே இருக்கிற காலை லேசாக மடக்கச் சொல்லுங்கள். தொடை இடுப்போடு சேருகிற இடத்தில் பக்கவாட்டில் ஒரு எலும்பு முட்டிக்கொண்டு தட்டுப்படும், காலை அசைத்தால் அதுவும் அசையும். உங்கள் உள்ளங்கையின் அடிப்பகுதியை அதன்மேல் வையுங்கள். அவருடைய வலது இடுப்புக்கு உங்கள் இடது கை, இடது இடுப்புக்கு வலது கை. பெருவிரல் அவருடைய தொடைமடிப்பைப் பார்த்து இருக்கும். ஆள்காட்டி விரலை இடுப்பின் முன்பக்கம் கூராகத் தட்டுப்படுகிற எலும்பு முனைக்கு நீட்டுங்கள். நடுவிரலை வேட்டி கட்டுகிற இடத்தில் ஓடுகிற இடுப்பெலும்பு விளிம்பை ஒட்டிப் பின்பக்கம் விரியுங்கள். இரண்டு விரலுக்கும் நடுவில் ஒரு கவட்டை மாதிரி வரும் இல்லையா, அதன் நடுதான் இடம். பெரியவர்களுக்கு அங்கே 3 மில்லி வரை போடலாம்.

முதல் நாலைந்து தடவை குழப்பமாகத்தான் இருக்கும். உங்கள் இடுப்பிலேயே தடவிப் பழகுங்கள், அப்புறம் வீட்டில் இருக்கிறவர்களிடம் நீடில் இல்லாமல் கையை மட்டும் வைத்துப் பாருங்கள். பேனாவால் ஒரு புள்ளி வைத்து, அதற்கு ஒட்டினாற்போலக் குத்தினாலும் தப்பில்லை. எனக்கு ஆரம்பத்தில் “என்னத்தா இது, புதுசா பக்கவாட்டுல குத்துறே, டாக்டர் சொன்னாரா?” என்று வீட்டுக்கு வீடு விசாரணை நடந்தது. இப்போது அதே ஆச்சிமார், குப்புறப் படுத்து முழங்கால் வலியோடு எழுந்திருக்கிற கஷ்டம் இல்லை என்பதால், அவர்களே ஒருக்களித்துப் படுத்துக்கொள்கிறார்கள்.

மேல்கை சுலபமான இடம், ஆனால் சின்ன இடம். 1 மில்லிக்கு மேல் போடாதீர்கள். தோளின் ஓரத்தில் தட்டுப்படுகிற எலும்பு விளிம்பிலிருந்து இரண்டு மூன்று விரல்கடை கீழே, கையின் வெளிப்பக்க நடுவில். மேலே ஏறினால் தோள் மூட்டுக்குள் போய் மாதக்கணக்கில் கையைத் தூக்க முடியாது, கீழேயோ பின்னாலேயோ போனால் மணிக்கட்டைத் தூக்குகிற நரம்பு இருக்கிறது. ரவிக்கைக் கையைச் சுருட்டிவிட்டுப் போடுவதில்தான் இந்தத் தப்பு அதிகம் நடக்கிறது: சுருட்டிய துணி எங்கே நிற்கிறதோ அதற்குக் கீழே குத்துகிறார்கள். தோள் முழுசாகத் தெரியட்டும். கையை இடுப்பில் ஊன்றிக்கொள்ளச் சொன்னால் தசை தளரும். தடுப்பூசிகள் பெரியவர்களுக்குக் கையில்தான். நாய்க்கடி ஊசியைப் புட்டத்தில் போடவே கூடாது, அங்கே போட்டால் சரியாக வேலை செய்யாது.

தொடையில் என்றால் நடுத்தொடை, முன்பக்கத்துக்கும் வெளிப்பக்கத்துக்கும் இடைப்பட்ட பகுதி. கைக்குழந்தைகளுக்கு சுகாதார நிலையத்தில் போடுவது அங்கேதான்.

எந்த இடமாக இருந்தாலும் அங்கே கட்டி, தழும்பு, சிவப்பு, வீக்கம் இருந்தால் வேண்டாம். பக்கவாதம் வந்து விழுந்த கை கால், டயாலிசிஸுக்கு ரத்தக்குழாய் இணைத்த கை, மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை நடந்த பக்கத்துக் கை, இவற்றையும் விட்டுவிடுங்கள். இந்த வாரம் வலது என்றால் அடுத்த வாரம் இடது. ஞாபகம் இருக்காது. வளவில் தொங்குகிற தினசரி காலண்டரில் எழுதாதீர்கள், கிழித்துவிடுவார்கள். மாதக் காலண்டரில் “வ”, “இ” என்று எழுதுங்கள்.

இப்போது குத்தலாம்

இடத்தை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக அரை நிமிஷம் துடையுங்கள், அப்புறம் அரை நிமிஷம் உலரவிடுங்கள். ஊதாதீர்கள், விசிறாதீர்கள். ஈரத்தில் குத்தினால் ஸ்பிரிட் உள்ளே போய் எரியும், பழி நீடில்மேல் விழும்.

தோலை இடது கையால் ஒரு இன்ச் பக்கவாட்டில் இழுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். ரொம்ப மெலிந்தவர் என்றால் இழுக்காமல் சதையைச் சேர்த்து லேசாகப் பிடியுங்கள். பேனா பிடிப்பது போல சிரிஞ்சைப் பிடித்து, நேர்செங்குத்தாக, 90 டிகிரியில், தயங்காமல் ஒரே போக்கில் இறக்குங்கள். தயங்கித் தயங்கி இறக்குவதுதான் வலி. அதே நேரம் ஈட்டி எறிவது போல எறியவும் வேண்டாம்.

இறக்கிய பிறகு பிஸ்டனைப் பின்னால் இழுத்து ரத்தம் வருகிறதா என்று பார்ப்பது பழைய பழக்கம். தடுப்பூசிக்கு இப்போது அது தேவையில்லை என்று சொல்லிவிட்டார்கள். புட்டத்தில்தான் போட்டாக வேண்டும் என்கிற நிலை வந்தாலோ, மருந்தின் தாளில் அப்படிச் சொல்லியிருந்தாலோ, ஐந்து பத்து நொடி மெதுவாக இழுத்துப் பாருங்கள். ரத்தம் வந்தால் வெளியே எடுத்து, எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு புது மருந்து, புது சிரிஞ்ச். அந்த ரத்தத்தோடேயே இன்னொரு இடத்தில் குத்தக் கூடாது.

செலுத்துவது மட்டும் மெதுவாக. ஒரு மில்லிக்கு பத்து நொடி. நான் மனசுக்குள் எண்ணுவேன், வாய் ஆச்சியிடம் பேசிக்கொண்டிருக்கும், “பேரன் எப்ப வர்றான், பணியாரம் யார் சுட்டுக் குடுப்பா” என்று. பேச்சில் இருக்கிற ஆள் தசையை இறுக்க மாட்டார். மருந்து முழுவதும் போனதும் நீடிலை உள்ளேயே இன்னும் பத்து நொடி வைத்திருந்து, போன வழியிலேயே நேராக உருவி, அதன் பிறகு இழுத்துப்பிடித்த தோலை விடுங்கள். தோல் நகர்ந்து வழியை மூடிக்கொள்ளும், மருந்து கசியாது. நடுவில் காலுக்கோ கைக்கோ வலி பாய்ந்தால், மரத்துப்போனால், செலுத்துவதை அந்த நொடியே நிறுத்தி உருவிவிட்டு டாக்டருக்குச் சொல்லுங்கள்.

உலர்ந்த பஞ்சால் அழுத்திப் பிடித்தால் போதும். அரக்கித் தேய்க்காதீர்கள். தேய்த்துவிடாத நர்ஸுக்குக் கைராசி இல்லை என்று இங்கே ஒரு எண்ணம் உண்டு, சமாளித்துக்கொள்ளுங்கள்.

போட்டதும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பாதீர்கள், அரைமணி நேரம் இருங்கள். தலைசுற்றி, வியர்த்து, முகம் வெளுத்தால் பெரும்பாலும் பயத்தில் வருகிற மயக்கம், காலை உயர்த்திப் படுக்கவைத்தால் சில நிமிஷத்தில் தெளிந்துவிடும். உடம்பெல்லாம் தடிப்பு, உதடோ முகமோ வீங்குவது, மூச்சு இழுப்பது, தொண்டை அடைப்பது, வாந்தி, நினைவு தடுமாறுவது என்றால் அது வேறு. ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் 108. ஆளைப் படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள், மூச்சு விடக் கஷ்டப்பட்டால் மட்டும் சாய்த்து உட்காரவையுங்கள், எழுந்து நடக்க விடாதீர்கள். எந்த மருந்து, எப்போது போட்டது என்று சொல்ல காலிக் குப்பியைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றிரண்டு நாள் லேசான வலி இருக்கும், அது சாதாரணம். நாளாக நாளாகச் சிவப்பும் சூடும் கூடினால், சீழ் வைத்தால், காய்ச்சல் வந்தால் பத்துப் போட்டுக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் போங்கள்.

நீடில் எங்கே போகும்?

குத்திய நீடிலுக்குத் திரும்ப மூடி போடாதீர்கள். நர்ஸுகள் தங்களையே குத்திக்கொள்வது அதிகமும் அந்த நேரத்தில்தான். அப்படிக் குத்திவிட்டால் பிதுக்காதீர்கள், வாயில் வைத்து உறிஞ்சாதீர்கள், ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு நேராக அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை தேவை என்றால் இரண்டு மணி நேரத்துக்குள் ஆரம்பிப்பது நல்லது, 72 மணி நேரத்துக்கு அப்புறம் பலன் இல்லை. மஞ்சள் காமாலை பி தடுப்பூசியை இந்த வேலைக்கு வருகிற எல்லாரும் முன்கூட்டியே போட்டுக்கொள்ள வேண்டும்.

ஆஸ்பத்திரியில் 2016 மருத்துவக் கழிவு விதிகளின்படி நீடில் துளைக்க முடியாத வெள்ளைப் பெட்டிக்கும், சிரிஞ்ச் சிவப்புப் பைக்கும், கண்ணாடி நீலப் பெட்டிக்கும் போகும். வீட்டில் இத்தனையும் கிடையாது. கனமான பிளாஸ்டிக் பாட்டில், திருகு மூடியோடு, அது போதும். தண்ணீர் பாட்டில் மெலிசு, குத்தி வெளியே வந்துவிடும். பாட்டில் மேல் “ஊசி, திறக்காதே” என்று பெரிசாக எழுதி, குத்துகிற இடத்துக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, உருவியதும் சிரிஞ்சோடு அப்படியே உள்ளே போடுங்கள். முக்கால் பாகம் நிரம்பியதும் இறுக்கி மூடி, டேப் சுற்றி, அடுத்த தடவை டாக்டரைப் பார்க்கப் போகும்போது ஆஸ்பத்திரியிலோ லேபிலோ கேட்டுக் கொடுத்துவிடுங்கள். குப்பை வண்டியில் போட்டால் அதைப் பிரிப்பது வெறுங்கையோடு ஒரு பெண்.

பள்ளத்தூர் வீட்டில் அந்தப் பெண்ணை அன்றைக்கு மருந்தைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டு, முதலில் ஆச்சியின் இடுப்பில் கையை வைத்து எலும்பைத் தேடச் சொன்னேன். மூன்றாவது தடவைதான் பிடிபட்டது. அதற்குள் ஆச்சி, “ரெண்டு பேரும் என் இடுப்புல என்னத்தடி தேடுறீங்க?” என்று சிரிக்க ஆரம்பித்துவிட்டார். குத்தினது அவருக்குத் தெரியவே இல்லை.